எரிச்சலுக்கு முன்னால் ஓடும் வாக்கியம்

அன்புள்ள நண்பனுக்கு,

வீட்டில் எல்லோரும் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வீடும் அப்படித்தான் இருந்தது. அதை அப்போதே உன்னிடம் சொல்லாமல் இருந்தது தவறு என்று தோன்றுவதால் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நான் பெருங்கோபக்காரன் அல்லன். ஆனால் கதவை யாராவது ஓசையுடன் சாத்தினாலோ, பதில் சொன்ன கேள்வியையே மகள் மறுபடி கேட்டாலோ சுள்ளென்று விழுவேன். தூக்கக் குறைவு, தீராத வலி, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையும் எரிச்சலாக வெளிப்படலாம் என்பதால், மருத்துவர் முதலில் அவற்றையெல்லாம் விசாரித்த பிறகே என்னை உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். நீயும் அந்த வரிசையிலேயே செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆலோசகர் கையாண்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை. மனச்சோர்வுற்றவர்களின் மனத்தில் அவர்களே கவனிக்காதபடி சட்டென ஓடி மறையும் எண்ணங்களை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறை இது. 1970களில் ரேமண்ட் நோவாகோ என்ற உளவியலாளர் இதற்கு நெருங்கிய வழியில் கோபத்துக்கான பயிற்சியை வகுத்தார்.

ஆலோசகர் ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போடச் சொன்னார்: நடந்தது என்ன, அந்த நொடியில் மனத்தில் ஓடியது என்ன, எரிச்சல் நூற்றுக்கு எத்தனை, பிறகு நான் செய்தது என்ன. முதல் வாரம் முழுவதும் இரண்டாம் கட்டம் காலியாகவே கிடந்தது. எண்ணம் எதுவும் இல்லை, எரிச்சல் நேராக வருகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். மூன்றாம் வாரத்தில்தான் அது பிடிபட்டது. கதவு, கேள்வி, தாமதமாக வந்த பதில் என்று நிகழ்ச்சிகள் வெவ்வேறாக இருந்தாலும், பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: 'என்னை யாரும் மதிப்பதில்லை.' அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக மகளிடம் நான் சீறியது அவள் கேட்ட கேள்விக்காக அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

பிறகு அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் தேடினோம். மகள் மறுபடி கேட்ட அந்த மாலையில், நான் அடுத்த அறையிலிருந்து முணுமுணுப்பாகப் பதில் சொல்லியிருந்தேன். அவள் காதில் அது விழவே இல்லை. இதை, எல்லாவற்றையும் நல்லதாக நினைத்துக்கொள்ளும் பயிற்சி என்று எண்ணிவிடாதே. எதிரில் இருப்பவர் உண்மையிலேயே அலட்சியமாக நடந்துகொண்ட நாட்களும் நோட்டில் உண்டு. அவற்றுக்கு, என் மனக்குறையைத் தாழ்ந்த குரலில் நேராகச் சொல்லப் பழகினேன்.

கொட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்று நாம் இருவருமே பேசிக்கொண்டதுண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. என் நோட்டிலும், கத்திய நாட்களில்தான் எரிச்சல் வெகுநேரம் நீடித்தது. இப்போது தாடை இறுகத் தொடங்கியதுமே, அதாவது மதிப்பெண் முப்பதைத் தொடும்போதே, 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். எண்பதை எட்டிய பிறகு எந்த உத்தியும் எனக்குக் கைகொடுத்ததில்லை. விலகினால் போதாது, சொன்னபடி திரும்பி வந்து பேச்சை முடிக்க வேண்டும். இதில்தான் நான் பலமுறை தவறினேன்.

வாரம் ஒன்றாக 14 அமர்வுகள் ஆயின. எரிச்சல் இன்னும் வருகிறது, ஆனால் நேற்று மகள் ஒரே கணக்கை மூன்று முறை கேட்டபோது, என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்.

ஆலோசகரைப் பார்க்கும் நாள் வரை காத்திராமல் இன்றே ஒரு நோட்டை எடுத்துக்கொள். இரண்டாம் கட்டம் காலியாக இருந்தாலும் விட்டுவிடாதே. அதில் முதல் வாக்கியம் விழும் நாளில் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்