பிரஷ்ய ராஜாவின் புல்லாங்குழலும் லண்டன் வாணவேடிக்கையும்

திருச்சி

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் இல்லாமலே மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவசரப்பட்டு ஸ்கூட்டரை எடுத்துவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதால் சாயங்கால நடை மறுபடி அம்மாமண்டபம் பக்கம் ஆரம்பித்திருக்கிறது. சின்னவன் வேலை மாறி ஓசூர் போய்விட்டான். வீடு அமைதியாகிவிட்டது, பாட்டுக் கேட்க வசதி.

உன் பேத்தி பியானோ பரீட்சைக்கு பாக் வாசித்துப் பழகுகிறாள் என்று எழுதியிருந்தாய். அப்புறம் சரித்திர வாத்தியாருக்கே உரிய ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். 1740-லிருந்து 1763 வரை ஐரோப்பாவில் ஓயாத சண்டை. அதே காலத்தில்தான் லண்டனில் ஹாண்டெல், ஜெர்மனியில் பாக், பாரிஸில் ராமோ என்று இத்தனை இசையமைப்பாளர்களின் படைப்புகளும் அரங்கேறியிருக்கின்றன. சண்டையை மறக்கத்தான் இவர்கள் இசைக்குப் போனார்களா என்று.

மறக்கப் போகவில்லை என்பதுதான் என் பதில். அந்த இசையில் பாதிக்குச் சண்டைதான் முதலாளி. ஜெயித்தால் ஒரு பாட்டு, சமாதானம் ஆனால் ஒரு பாட்டு. தோற்ற ஊரில் வித்வானுக்குச் சம்பளம் நிற்கும்.

ஹாண்டெலையே எடுத்துக்கொள். 1743 ஜூனில் ஜெர்மனியில் டெட்டிங்கன் என்ற இடத்தில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் தானே படையோடு நின்று பிரெஞ்சுக்காரர்களை முறியடித்தார். போர்க்களத்தில் படை நடத்திய கடைசி பிரிட்டிஷ் ராஜா அவர்தான். அதே வருஷம் நவம்பரில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில் ஹாண்டெலின் ‘டெட்டிங்கன் தெ தேயும்’ என்ற நன்றித் துதிப்பாடல் அரங்கேறிவிட்டது. ட்ரம்பெட்டும் முரசும் சேர்ந்த முழு வெற்றி முழக்கம். மூன்று வருஷம் கழித்து ஸ்காட்லாந்தில் கலோடன் போர். ராஜாவின் மகன் கம்பர்லாந்து பிரபு அங்கே கலகக்காரர்களை அடக்கியதோடு நிற்கவில்லை. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் விடவில்லை. ‘கசாப்புக்காரன்’ என்றே அவருக்குப் பெயர் விழுந்தது. அந்த வெற்றியைக் கொண்டாட ஹாண்டெல் ‘யூதாஸ் மக்கபேயஸ்’ என்ற ஆரடோரியோ (நடிப்பில்லாமல் பாடும் கதை) எழுதினார். 1747 ஏப்ரல் முதல் தேதி கோவென்ட் கார்டனில் அரங்கேற்றம். பைபிள் காலத்து யூத வீரனின் கதைதான், ஆனால் யாரைப் பாடுகிறது என்று சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கூட்டம் அள்ளியது. அந்தக் கோரஸ்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். யாருக்காகப் பாடியவை என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

இனி வருவதுதான் உனக்கு ருசிக்கும். 1748 அக்டோபரில் எக்ஸ்-லா-ஷபெல் என்ற ஊரில் சமாதான உடன்படிக்கை ஆயிற்று. யாருக்கும் திருப்தியில்லாத சமாதானம். பிரான்ஸ் படாதபாடு பட்டுப் பிடித்த நெதர்லாந்துப் பகுதிகளை பதினைந்தாம் லூயி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘இந்தச் சமாதானத்தைப் போல முட்டாள்’ என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது பாரிஸில் பழமொழியே ஆகிவிட்டது. ஆனாலும் இரண்டு பக்கமும் கொண்டாடியாக வேண்டுமே!

லண்டன் கொண்டாட்டத்துக்கு கிரீன் பார்க்கில் மரத்தால் ஒரு கோயில் மாதிரிக் கட்டினார்கள். 410 அடி நீளம், 114 அடி உயரம். வடிவமைத்தவர் செர்வாந்தோனி, அதுவரை சண்டை போட்ட பிரான்ஸில் பேர் வாங்கியவர். வாணவேடிக்கையோடு வாசிக்க ஹாண்டெலிடம் இசை கேட்டார்கள். ராஜாவுக்கு முதலில் இசையே வேண்டாமாம். பிறகு, ‘சரி, பட்டாள வாத்தியங்கள் மட்டும் இருக்கட்டும், வயலின் கூடாது’ என்றாராம். ஹாண்டெலுக்கோ ட்ரம்பெட்டைக் குறைத்து வயலின் சேர்க்க ஆசை. பீரங்கி, வெடிமருந்து இலாகாவின் தலைவர் மான்டேகு பிரபு இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கச்சேரியில் எந்த வாத்தியம் இருக்கலாம் என்று வெடிமருந்து அதிகாரி பஞ்சாயத்துப் பண்ணியதை நினைத்துப் பார்! கடைசியில் ராஜா பக்கமே ஜெயித்தது: இருபத்துநான்கு ஓபோ, பன்னிரண்டு பாஸூன், ஒன்பது ட்ரம்பெட், ஒன்பது ஹார்ன், அப்புறம் முரசுகள்.

1749 ஏப்ரல் 21-ம் தேதி வாக்ஸ்ஹால் பூங்காவில் ஒத்திகை. ஹாண்டெல் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பூங்காக்காரர் விளக்கும் ஆளும் கொடுத்து உதவுவதாகச் சொன்னதால் நடத்தியே தீரவேண்டும் என்று மேலிடம் பிடிவாதம். ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் டிக்கெட். 12,000 பேர் வந்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நெரிசல் நிஜம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் இன்னும் திறக்கவில்லை, நகரத்திலிருந்து தென்கரைக்கு வண்டி போக லண்டன் பாலம் ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தின நாள் தாம்பரம் மாதிரி, மூன்று மணி நேரம் சாரட்டுகள் நகரவில்லை.

ஏப்ரல் 27 ராத்திரி நிஜ விழா. மழை. மேலே போன ராக்கெட்டுகள் நன்றாக இருந்தன, சக்கரங்களும் விளக்கு ஜோடனையும் படுமோசம் என்று எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் நண்பருக்கு எழுதினார். நடுவில் கோயிலின் வலது மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. தன் கட்டடம் எரிவதைப் பார்த்த செர்வாந்தோனி ஆத்திரத்தில் வாளை உருவி அதிகாரியோடு மோதப் போய்க் கைதானார். சமாதான விழாவில் நடந்த ஒரே வாள்வீச்சு!

பாரிஸிலும் அதே சமாதானத்துக்கு ராமோவின் ‘நாயிஸ்’ ஓபரா. அரங்கேற்றம் 1749 ஏப்ரல் 22. புத்தகத்தில் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் லண்டன் ஒத்திகைக்கு மறுநாள் என்று தோன்றும். அப்படி இல்லை. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. பாரிஸுக்குப் பதினொரு நாள் பின்னால். ஆகவே லண்டன் ஒத்திகை நடந்தபோது பாரிஸில் மே 2. பிரெஞ்சுக்காரர்கள்தான் முந்திக்கொண்டார்கள். தேவர்கள் வானத்தில் அசுரர்களோடு சண்டை போடும் காட்சியில்தான் அந்த ஓபரா தொடங்குகிறது. சமாதானத்தைப் பாடவும் முதலில் சண்டையைத்தான் மேடையேற்ற வேண்டியிருந்தது.

இந்த உடன்படிக்கையில் நம்ம ஊரும் உண்டு என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிடித்த மதராஸைப் பிரெஞ்சுக்காரர்கள் திருப்பிக் கொடுக்க, பதிலுக்குக் கனடாவில் லூயிபூர்க் கோட்டையை இங்கிலாந்து விட்டுக்கொடுத்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை கைமாறியதும் அந்தப் பேரத்தில்தான். ஆகவே ஹாண்டெலின் வாணவேடிக்கை இசை மதராஸ் திரும்பக் கிடைத்ததற்கும் சேர்த்து வாசித்ததுதான். பல வருஷம் கேட்டிருக்கிறேன், இது எனக்கு உறைத்தது இப்போதுதான்.

இதுவரை ஜெயித்தவர்கள் கதை. பேத்தியின் பாக் இருந்தது தோற்ற பக்கம்.

ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ராஜா இரண்டாம் பிரெடெரிக் 1740-ல் பட்டத்துக்கு வந்தார். அந்த டிசம்பரிலேயே ஆஸ்திரியாவின் சிலேசியா மாகாணத்துக்குள் படையோடு நுழைந்து, நீ கணக்குப் போட்ட இருபத்துச் சொச்சம் வருஷச் சண்டையின் ஜெர்மன் பகுதியைத் தொடங்கிவைத்தார். நல்ல புல்லாங்குழல் வித்வான், தானே இசையும் எழுதுவார். தலைநகர் பெர்லினில் ஓபரா அரங்கம் கட்டி, முழுசாக முடியும் முன்பே 1742 டிசம்பரில் சபை இசையமைப்பாளர் கிரௌனின் ஓபராவோடு திறந்தார். தன் புல்லாங்குழல் ஆசான் குவான்ட்ஸுக்கு வருஷத்துக்கு 2,000 தாலர் (அந்த ஊர் வெள்ளிக்காசு) சம்பளம். அதே சபையில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) வாசித்த கார்ல் பிலிப் எமானுவேல் பாக்குக்கு 300. பெரிய பாக்கின் இரண்டாவது மகன் இவர்.

அப்பா இருந்ததோ லைப்ஸிக்கில். அது சாக்சனி, ஆஸ்திரியாவோடு கூட்டுச் சேர்ந்த நாடு. 1745 நவம்பர் முடிவில் பிரஷ்யப் படை லைப்ஸிக்கைப் பிடித்தது. அப்பாவின் ஊரில் படையை விட்ட ராஜாவின் சபையில் மகன் சம்பளம் வாங்குகிறார். ஊர் பிடிபட்ட சமயத்தில்தான் பெர்லினில் மகனுக்கு முதல் ஆண் குழந்தை பிறந்தது. 1748-ல் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பேரனைப் பற்றிப் பெரிய பாக் சொல்கிறார்: நமக்கு, அந்தோ, பிரஷ்யப் படையெடுப்பு நேர்ந்த காலத்தில் பிறந்தவன் என்று. அரசியல் பற்றி அந்த மனுஷனிடமிருந்து வரும் அபூர்வமான பெருமூச்சு அது. அதையும் பேரன் வயசைச் சொல்கிற சாக்கில்தான் விடுகிறார்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1747 மே மாதம், பாக் பொட்ஸ்டாம் போய் அதே ராஜா முன்னால் உட்கார்ந்து வாசித்தார். ராஜா ஒரு கருப்பொருளைக் கொடுக்க, அங்கேயே மூன்று குரல் ஃபியூக் (ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும் வடிவம்). வீடு திரும்பியதும் அதை வைத்து முழுத் தொகுப்பாக எழுதி, செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, ராஜாவுக்கே காணிக்கையாக்கினார். ‘இசைக் காணிக்கை’ என்று நாம் கேட்பது அதுதான். பேரனைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே ‘பிரஷ்ய ஃபியூக்’ பிரதி இப்போது தர முடியாது, நூறுதான் போட்டேன், பெரும்பாலும் நண்பர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன் என்றும் எழுதுகிறார். ஒரே கடிதத்தில் ‘பிரஷ்ய’ என்ற அடைமொழி ஒருதரம் படையெடுப்புக்கு, ஒருதரம் ஃபியூக்குக்கு. அடிமைத்தனம் என்று நீ திட்டலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மகன் பிழைப்பு அங்கே இருக்கிறது; வேறென்ன செய்வார்?

ஹாஸ்ஸவின் கதை இதைவிட வேதனை. டிரெஸ்டன் அரண்மனையின் பெரிய ஓபராக்காரர், அன்றைக்கு ஐரோப்பாவில் பாக்கைவிடப் பிரபலம். 1745 டிசம்பரில் கெஸல்ஸ்டார்ஃப் போரில் ஜெயித்து டிரெஸ்டனுக்குள் நுழைந்த பிரெடெரிக் அங்கே ஹாஸ்ஸவின் ‘அர்மீனியோ’ ஓபராவை நடத்தச் சொல்லிக் கேட்டார். ஊரைப் பிடித்த கையோடு ஓபரா! பதினைந்து வருஷம் கழித்து, ஏழாண்டுப் போரில் (1756–63), அதே ராஜா டிரெஸ்டன் மேல் குண்டு பொழிந்தார். 1760 ஜூலை. கிராய்ஸ் தேவாலயம் எரிந்தது. ஹாஸ்ஸவின் வீடும் போயிற்று. தன் படைப்புகள் எல்லாவற்றையும் மொத்தமாக அச்சுக்குக் கொண்டுவர அவர் சேர்த்துவைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. போர் முடிந்ததும் சாக்சனி திவால் நிலையில் இருந்தது. புதிதாக வந்த இளவரசர் செலவைக் குறைக்க ஹாஸ்ஸவையும் பாடகியான அவர் மனைவி ஃபவுஸ்டீனாவையும் பென்ஷன் இல்லாமல் அனுப்பிவிட்டார். அந்த வயதான மனுஷரை 1772-ல் ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி வியன்னாவில் போய்ப் பார்த்தார். கோபமாகப் பேசுவார் என்றுதானே நினைப்போம்? ஹாஸ்ஸவோ பிரஷ்ய ராஜாவின் சங்கீத ஞானத்தைப் பாராட்டிவிட்டு, டிரெஸ்டனைக் குண்டு போட்டே தீரவேண்டும் என்று ஆகியிருந்தால் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி எனக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பியிருப்பார் என்று நம்புகிறேன் என்றாராம். அது பெருந்தன்மையா நக்கலா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. பர்னி பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்.

பெர்லின்காரர்களுக்கும் சுகமில்லை. ஏழாண்டுப் போரில் ஓபரா அரங்கம் பூட்டிக் கிடந்தது. 1758-ல் ரஷ்யப் படை நெருங்குகிறது என்று மகன் பாக் குடும்பத்தோடு செர்ப்ஸ்ட் ஊருக்குப் போய் ஃபாஷ் என்ற வித்வான் வீட்டில் தங்கினார். குண்டு போடுகிற ராஜாவின் வித்வானும் ஓட வேண்டியிருந்தது.

பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் வாணவேடிக்கை இசையைப் போட்டுக் காட்டு. இரண்டு விதமாகக் கிடைக்கும். பச்சைக் குழந்தைகளுக்கான அனாதை விடுதி நிதிக்காக 1749 மே 27-ல் ஹாண்டெல் வயலினோடு வாசித்தது ஒன்று. ராஜா கேட்ட வெறும் ஊதுவாத்தியம் இன்னொன்று. நான் ராஜா கட்சி. ஓபோ கூட்டம் மொத்தமாக எழும்போது வயலின் நினைவே வராது.

எனக்கு ஒரு உதவி செய். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துப்பாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொகுதிகள் உன் அலமாரியில் இருக்கின்றன அல்லவா? மதராஸ் திரும்பக் கைமாறிய 1749 ஆகஸ்ட், செப்டம்பர் பக்கங்களைப் புரட்டி, சமாதானச் செய்தி புதுச்சேரிக்கு எப்படி வந்து சேர்ந்தது, துப்பாஷியார் என்ன எழுதினார் என்று பார்த்து எழுது. மேல் தட்டில் இருந்தால் நீயே ஸ்டூலில் ஏறாதே, பேத்தியை எடுத்துத் தரச் சொல். லட்சுமிக்கு என் விசாரிப்பு.

உன்,
சேகரன்