மணலில் ஓடும் வண்டிக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபோர் வீல் வண்டிகளுக்கு டர்போ நல்லதா, சூப்பர்சார்ஜர் நல்லதா என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் அது முழுக்க மலை ஏறுகிறவர்களுக்கான கட்டுரை. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் காற்று மெலிந்து இன்ஜின் திணறும், டர்போ இருந்தால் அந்தக் குறை தெரியாது என்பதெல்லாம் உண்மை. இராமநாதபுரம் கடற்கரையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம். எங்களுக்கு மல்லுக்கட்டு சூட்டோடும் உப்போடும் மணலோடும்தான். பழைய ஜீப்பும் மாருதி ஜிப்ஸியும் வைத்திருக்கிற பையன்கள் இந்த மாதிரி எழுத்துகளை போனில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "அண்ணே, டர்போ போட்டுடலாமா, இல்ல சூப்பர்சார்ஜரா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: சிலிண்டருக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் திணிப்பது. காற்று கூடினால் அதற்கேற்ற எரிபொருளைக் கூட்டலாம், இழுவை கூடும். டர்போ வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றுகிறது. 1905-இலேயே ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் இன்ஜினியர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சூப்பர்சார்ஜரை இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். அதில் ரூட்ஸ் வகை என்பது 1860-களில் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் செய்த காற்றூதியிலிருந்து வந்தது, கொல்லன் பட்டறைத் துருத்தி போல ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் தள்ளும். டர்போவுக்கு அது முடியாது, புகை வேகமெடுத்தால்தான் அது வேலையைத் தொடங்கும்.

மணலுக்கு வந்தால் இந்த ஒரு வித்தியாசம்தான் பெரிய விஷயம். தனுஷ்கோடிக்கு 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள், அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும்தான் வேனும் ஜீப்பும் போய்க்கொண்டிருந்தன என்பது ஊருக்கே தெரியும். இன்றைக்கும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் அந்தச் சாலையை மணல் மூடிவிடுகிறது. ஈர மணல் கெட்டி, அதில் எந்த வண்டியும் போகும். மேலே கிடக்கிற காய்ந்த பொடி மணலில் நின்ற வண்டியைக் கிளப்பும்போதுதான் டிரைவரின் கால் பக்குவம் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக, ஒரே சீராக அழுத்த வேண்டும், சக்கரம் சுழலாமல் உருள வேண்டும். டர்போ வண்டியில், அதுவும் பெரிய டர்போவை வெளியில் வாங்கி மாட்டிய வண்டியில், இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு வரும் வரை ஒன்றும் நடக்காது, டிரைவர் பொறுமை இழந்து இன்னும் மிதிப்பார், 2,000 தாண்டியதும் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற கூடுதல் காற்றழுத்தம், மொத்தமாக வந்து இறங்கும், சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும், அச்சு மணலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் மண்வெட்டியும் பலகையும்தான். சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லை, மிதிக்கிற அளவுக்கு அப்போதே இழுவை வரும். மணலுக்கு எது பொருத்தம் என்று மட்டும் கேட்டால், கணக்குப்படி சூப்பர்சார்ஜர்தான்.

இதைப் படகு இன்ஜின் செய்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வால்வோ பென்டாவின் கேஏடி வரிசை டீசல் இன்ஜின்களில் இரண்டையுமே வைத்தார்கள். படகு தண்ணீரில் அழுந்திக் கிடக்கும்போது, சுற்று குறைவாக இருக்கும் நேரத்தில், பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் தள்ளிவிடும். வேகம் பிடித்ததும் அது கழன்றுகொள்ள, டர்போ பார்த்துக்கொள்ளும். மணலில் புதைந்த ஜீப்பும் அதே நிலைமையில்தான் இருக்கிறது.

அப்படியானால் சூப்பர்சார்ஜரே போடலாமே என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். முதல் காரணம் சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும். நம்ம ஊர் 35 டிகிரிக் காற்றை 0.7 பார் பூஸ்டுக்கு அமுக்கினால், ஓரளவு நல்ல டர்போவிலேயே அது 100 டிகிரியைத் தாண்டித்தான் வெளியே வரும். ரூட்ஸ் வகையின் திறன் அதைவிடக் குறைவு, இன்னும் சூடாக வரும். சூடான காற்று மெலிந்த காற்று, பூஸ்ட் மீட்டரில் முள் ஏறும், உள்ளே போகிற ஆக்ஸிஜன் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. அதற்குத்தான் அமுக்கிய காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர் இருக்கிறதே என்பார்கள். ஹைவேயில் எண்பதில் போகும்போது எதிர்க்காற்று அடிக்கும், இன்டர்கூலர் குளிரும். மணலில் பத்து கிலோமீட்டர் வேகத்தில், லோ கியரில், இன்ஜின் கத்திக்கொண்டு போகும்போது காற்று எங்கிருந்து வரும்? ரேடியேட்டரே தடுமாறுகிற நேரம் அது. ஜிப்ஸி போன்ற பெட்ரோல் இன்ஜினில் இந்தச் சூடு நேராக நாக்கிங்கில், அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பதில், கொண்டுபோய் விடும், பிஸ்டன் ஓட்டையாகும், ஹெட் கேஸ்கெட் போகும். கம்ப்ரஷனைக் குறைத்து, இக்னிஷனைப் பின்தள்ளி, இன்ஜெக்டர் மாற்றி, கம்ப்யூட்டரைத் திருத்தி, பூஸ்டை 0.3, 0.4 பாரோடு நிறுத்தினால் ஓடும். இவ்வளவையும் சரியாகச் செய்யும் ஆளும் கருவியும் இந்தக் கடற்கரையில் நான் பார்த்த வரையில் இல்லை. இரண்டாவது காரணம், பெல்ட்டும் பேரிங்கும் போனால் மாற்றுச் சாமானுக்கு வெளிநாட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

டீசலுக்கு டர்போதான், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. டீசலில் நாக்கிங் பயம் இல்லை, கூடுதல் காற்றை அது விரும்பி வாங்கிக்கொள்ளும். ஆனால் டர்போ வேண்டும் என்றால் கம்பெனியிலேயே டர்போவோடு வந்த வண்டியை வாங்குங்கள் என்கிறேன். 2020-இல் வந்த மஹிந்திரா தார் டீசலில் 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் இழுவை, 1,600 சுற்றிலேயே கிடைக்கிறது, 2024-இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்காவில் 320 நியூட்டன் மீட்டர் 1,400-லேயே. ஜிப்ஸியின் 103 நியூட்டன் மீட்டருக்கு 4,500 சுற்று வரை ஏற்ற வேண்டும். புது டர்போக்களில் உள்ளே இருக்கும் இறக்கைகள் கோணம் மாறிக் குறைந்த புகையிலும் சுற்றுகின்றன, அதனால் பழைய டர்போ மாதிரிக் காத்திருக்க வேண்டியதில்லை. மணலில் ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியர், போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. தாரில் இந்த லோ ரேஞ்ச் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைப்பு, சக்கரம் மெதுவாக உருளும்போதே இன்ஜின் டர்போ பிடிக்கும் சுற்றுக்கு வந்துவிடும்.

பழைய டர்போ இல்லாத டீசல் ஜீப்பில் புதிதாக டர்போ மாட்டுவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். டர்போவோடு வருகிற இன்ஜினில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சுகிற ஜெட், தாங்குகிற ஹெட் கேஸ்கெட், பெரிய ஆயில் கூலர் என்று பலதையும் சேர்த்தே வடிவமைக்கிறார்கள். இங்கே நடப்பது என்ன? பழைய பிக்கப்பில் கழற்றிய டர்போவை, புகை வெளியேறுகிற மேனிஃபோல்டில் வெல்டிங் வைத்து மாட்டிவிட்டு, டீசல் பம்ப் ரிப்பேர் கடையில் கொடுத்து டீசலைக் கூட்டி வைத்துக்கொண்டு வருகிறார்கள். சுற்று குறைவாக இருக்கும்போது பூஸ்ட் வராது, கூட்டிய டீசல் மட்டும் போகும், கரும்புகை கக்கும், எக்ஸாஸ்ட் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டில், முட்டளவு உப்புத் தண்ணீரில் வண்டியை இறக்கினால் பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விடுவதில் ஆச்சரியம் என்ன?

அதைவிட முக்கியம் ஏர் ஃபில்டர். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் பொடி மணல் போய் மோதினால் இறக்கையின் விளிம்பு தேய்ந்து மழுங்கிவிடும், மிச்சம் சிலிண்டரைச் சிராய்க்கும். சூப்பர்சார்ஜரில் ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான், மணல் கீறினால் அதோடு காற்று கசிய ஆரம்பிக்கும். ஃபில்டர் புதிதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் வருகிற ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கடற்கரைக்கு இறங்குமுன் கையால் அசைத்துப் பாருங்கள். இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்து வெள்ளையாகப் பூத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இன்ஜின் ஆறிய பிறகு. அப்புறம், மணலில் ஓட்டிய கையோடு சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் தங்கிய ஆயில் கருகி அடைத்துக்கொள்ளும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த மூல விவரத்துக்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கிற பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லட்சங்களைக் கொட்ட நினைக்கிறவர்கள் அதற்கு முன் டயர் காற்றை 30-லிருந்து 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கி ஒரு தடவை மணலில் ஓட்டிப் பார்க்கட்டும். டயர் பரந்து மணல் மேல் மிதந்து போகும், இருக்கிற இழுவையே போதும் என்று தெரிந்துவிடும். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். இன்னொன்று, ஜனவரி தொடங்கி சில மாதங்கள் ஆமை கரையேறி முட்டையிடும் காலம். அந்த மணலில் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம், டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. புது வண்டியைப் பற்றி எழுதும்போது இத்தனை குதிரைத்திறன் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அது 4,000 சுற்றில் கிடைக்கிற எண், மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவனுக்கு அதனால் பயன் குறைவு. 1,000 முதல் 2,000 சுற்றுக்குள் எவ்வளவு டார்க் வருகிறது, லோ ரேஞ்ச் விகிதம் என்ன, ஏர் ஃபில்டர் எந்த உயரத்தில் காற்றை இழுக்கிறது என்ற மூன்றையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கி, அடுத்த முறை ஒரு பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜீப் மெக்கானிக் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.