நீ அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்தேன்

வியாசர்பாடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பா,

கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை நீயே மாட்டப் போவதாக வாட்ஸ்அப்பில் அனுப்பிய பார்ட்ஸ் லிஸ்ட்டை முனைக்கடையில் பிரிண்ட் எடுத்து வந்து இரண்டு நாளாகப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். "அப்பாவுக்கு கேமிங் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்" என்று உன் தம்பி சிரிக்கிறான். ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவனுக்கு, ஒன்றோடு ஒன்று சேருமா சேராதா என்று பார்க்கவாவது தெரியாதா? மீதியை மதர்போர்டு கம்பெனிக்காரன் இணையத்தில் போட்டிருக்கும் மேனுவலில் படித்துக்கொண்டேன். நீயும் அதைப் படி. அந்த போர்டோடு எந்த புராசஸர், எந்த ரேம் சேரும் என்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறான்.

முதலில் போர்டு, மற்ற பார்ட் எல்லாம் அதன்மேல்தான் உட்காரும். ஆபீஸ் தோழி சும்மா தருகிறாள் என்று பி450 போர்டை எழுதியிருக்கிறாய். பக்கத்திலேயே கம்ப்யூட்டரின் மூளையான புராசஸர், ரைசன் 5 7600. இரண்டும் ஏஎம்டி கம்பெனிக் குடும்பம்தான், ஆனால் சம்பந்தம் கூடாது. பி450-இல் இருப்பது ஏஎம்4 சாக்கெட், அதாவது புராசஸர் உட்காரும் இடம். அதில் 1331 ஓட்டை இருக்கும், புராசஸரின் அடியில் ஊசி ஊசியாகப் பின் இருக்கும். 7600 அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5-க்கு வந்தது. அதன் அடிப்பக்கம் தட்டை, 1718 பின்னும் போர்டு பக்கம் போய்விட்டன. ரேம் டிடிஆர்4 என்று போட்டிருக்கிறாய். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான். இரண்டு ரேமிலும் 288 பின் என்றாலும் நடுவில் இருக்கும் வெட்டைத் தள்ளி வைத்திருக்கிறான், மாற்றிச் சொருகக் கூடாது என்றே.

சும்மா வரும் போர்டுக்காக மற்றதை எல்லாம் வளைக்கப் பார்க்கிறாய் என்று தோன்றுகிறது. பணம் இடிக்கிறது என்றால் அந்த போர்டையே வைத்துக்கொண்டு ரைசன் 5 5600, டிடிஆர்4 என்று போ, அதில் ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் அந்த போர்டில் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் போர்டை எழுப்பும் புரோகிராம், பழையதாக இருந்தால் 5600-ஐ அதற்கு அடையாளம் தெரியாது. முதலில் பயாஸை அப்டேட் செய்து தரச் சொல். நானாக இருந்தால் தோழிக்கு நன்றி சொல்லிவிட்டு ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 போர்டு வாங்குவேன். ஏஎம்5-ஐ 2027-க்கும் மேலே கொண்டுபோவதாக ஏஎம்டி கம்பெனியே சொல்லியிருக்கிறது. நாலு வருஷம் கழித்து புராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சொல்லப்போனால் இந்தத் தப்புகளை நினைத்து எனக்குக் கவலையே இல்லை. நுழையாது, நீயே நிறுத்திவிடுவாய். நுழைந்துவிடுகிற தப்புதான் ஆபத்து. எங்கள் ஷாப்பில் ஓட்டையைச் சரிபார்க்க ஒரு கேஜ் உண்டு, ஒரு முனை கோ, மறுமுனை நோ-கோ. கோ முனை உள்ளே போக வேண்டும், நோ-கோ முனை போகக் கூடாது. புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையன்கள் கோ முனை போனதுமே "ஓகே சார்" என்று அடுத்ததை எடுத்துவிடுவார்கள். மறுமுனையும் போகிறதா என்று பார்த்தால்தானே ஓட்டை பெரிதாகிவிட்டது தெரியும்! உன் லிஸ்ட்டிலும் அப்படி மறுமுனை வைத்துப் பார்க்காத இடங்கள் இருக்கின்றன.

கேபினட்டோடு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, இலவசம் என்று எழுதியிருக்கிறாய். அதை நானும் கணக்குப் போட்டேன். 7600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 88 வரை இழுக்கும். கேமுக்குப் படம் வரையும் உன் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115. போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து 270 என்று வை. 450 தாராளம் என்பாய். அந்தப் பெரிய எண்ணை விடு. ஸ்டிக்கரின் கீழே கட்டத்தில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார். கார்டும் புராசஸரும் குடிப்பது 12 வோல்ட்டில்தான். அங்கே 20 ஆம்பியர் என்று இருந்தால் 240 வாட், அவ்வளவுதான் அதன் தெம்பு. வயர் எல்லாம் அழகாகச் சொருகும், மெஷினும் ஓடும். நீ கேமில் உச்சகட்டத்தில் இருக்கும்போது பொட்டென்று அணையும். கார்டு கம்பெனி சொல்வது 550 வாட். நல்ல கம்பெனியில், கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) முத்திரை போட்டதாக, தனியாக வாங்கு. கார்டில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இதில் பிடிக்காதே.

வயரைக் கழற்றி மாட்டுகிற மாடுலர் மாடலாக இருந்தால் இன்னொன்று. கேரம் கிளப்புக்குப் பக்கத்து மாடி வீட்டுப் பையன் போன வருஷம் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றினான். பழைய வயர்கள் கேபினட்டில் ஒழுங்காகக் கட்டியிருந்ததால் அவற்றையே புதிதில் சொருகிவிட்டான். கச்சிதமாக நுழைந்ததாம். டிஸ்க் பக்கம் ஒரு முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில்தான் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்து இரண்டு டிஸ்க்கும் போயின. ஒன்றில் அவன் அக்கா கல்யாண போட்டோ முழுவதும் இருந்தது. வீட்டில் ஒரு வாரம் யாரும் அவனோடு பேசவில்லை.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் அதே கதை. எம்.2 என்றால் அது வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகையும் வருகிறது. சாட்டா வகை சில போர்டுகளின் ஸ்லாட்டில் நன்றாக உட்காரும், ஆனால் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாது. என்விஎம்இ என்று கேட்டு வாங்கு. ரேம் 16 ஜிபி ஒன்று வேண்டாம், ஒரே பாக்கெட்டில் வரும் ஜோடியாக வாங்கி, புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடு. மானிட்டர் வயரைக் கார்டில் சொருக வேண்டும், போர்டில் இல்லை. 7600-க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால் போர்டில் சொருகினாலும் படம் வரும்! கார்டு வாங்கிய காசு சும்மா தூங்கும், நீ கேம்காரனைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

திருகாணியைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேபினட் பாக்கெட்டில் இரண்டு ஜாதி கலந்து வரும், 6-32 என்பதும் எம்3 என்பதும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 6-32 சுமார் மூன்றரை மில்லி, மரை அகலமாக இருக்கும். எம்3 மூன்று மில்லி, மரை நெருக்கமாக இருக்கும். எம்3-ஐப் பெரிய ஓட்டையில் போட்டால் லொடலொடவென்று சுற்றும். பெரியதை எம்3 ஓட்டையில் அழுத்தித் திருப்பினால் மரை தேய்ந்து முடிந்தது கதை. எதையும் முதல் இரண்டு சுற்று விரலாலேயே திருப்பு. விரலுக்கு வராதது டிரைவருக்கும் வரக் கூடாது. போர்டு உட்காரும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃபையும் எண்ணிப் பார். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று தப்பித் தவறி நின்றால் அடியில் ஷார்ட் ஆகும்.

கேபினட் அளவு சரிதான். கார்டு நீளம், கூலர் உயரம் இரண்டையும் மில்லியில் பார்த்துவிட்டேன், இடம் இருக்கிறது. கூலர் 7600 டப்பாவிலேயே வரும், தனியாக வாங்காதே. கடைக்காரர் 7600எக்ஸ் கொடுத்தால்தான் தனியாக வாங்க வேண்டும். கலர் லைட் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு "மாரியம்மன் கோயில் சீரியல் பல்பு மாதிரி இருக்கே, இருக்கட்டும்" என்கிறாள். அதனால் இருக்கட்டும்.

உன் ரூமில் மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஓனரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல். பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். கேபினட்டைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஏறுகிறது என்றால் அதுதான் காரணம். அப்புறம், தரையில் வைக்காதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராது, தெரியும். தூசி வருமே.

எதையும் இப்போது ஆர்டர் போடாதே. பொங்கலுக்கு வா, ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கினால்தான் வாரண்டிக்கு வாயைத் திறக்க முடியும், அந்தப் பேச்சை என்னிடம் விட்டுவிடு. நம் சாப்பாட்டு மேசையிலேயே மாட்டுவோம். நீ மாட்டு, நான் டார்ச் பிடிக்கிறேன். முதல் தடவை ஆன் செய்ததும் ஒன்றும் வராமல் ஸ்கிரீன் சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும், டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்கிறது. அதற்குள் பதறிப்போய் கழற்ற ஆரம்பிக்காதே.

திரும்பிப் போகும்போது கார்டை மட்டும் கழற்றி அதன் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொள். கேபினட்டோடு சேர்த்து பஸ்ஸில் குலுங்கினால் ஸ்லாட் தாங்காது. அம்மா வடகம் கொடுக்கிறேன் என்கிறாள், பையில் இடம் விட்டு வை. பி650-இல் எந்த மாடல் என்று முடிவு செய்ததும் பெயரை மட்டும் அனுப்பு. ரேம் பட்டியலை நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா