கிணற்றை மூடிவிடாதே, அம்மா

ஹெல்சிங்கி, பின்லாந்து
மே 18

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பனி கரைந்து, மரங்களெல்லாம் ஒரே வாரத்தில் துளிர்த்துவிட்டன. இரவு 9 மணிக்கும் பளிச்சென்று வெயில். ஜூன் கடைசியில் 11 மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறையும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுத்தான் பாப்பாவைத் தூங்க வைக்கிறேன். ஜூன் பிறந்தால் அவளுக்கு விடுமுறை. ஆகஸ்டில்தான் பள்ளி திறக்கும். ஏறக்குறைய 10 வாரங்கள்!

போன வாரம் எதிர்வீட்டுப் பையனிடம் லீவுக்கு எங்கே போகிறாய் என்று கேட்டேன். ‘மும்மோலா’ என்றான். ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துவிட்டேன். அவன் அம்மா விளக்கினாள்: மும்மோ என்றால் பாட்டி, மும்மோலா என்றால் பாட்டி வீடு. அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அம்மா! 56 லட்சம் பேர் வாழும் இந்த நாட்டில் கோடை வீடுகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். ஜூன் பிற்பகுதியில் பாதி நகரம் ஏரிக்கரைக்கும் காட்டுக்கும் போய்விடும். எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்த அமைதியில்தான் எனக்குப் பாட்டியின் கிணறு ஞாபகம் வரும்.

விடியும் முன்பே கப்பி கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எல்லோரும் எழுவோம். பாட்டி கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள், நினைவிருக்கிறதா? சின்னவர்கள் அந்த முடிச்சு கைக்கு வரும்வரை இழுத்தால் போதும்; மீதியை அவள் வாங்கிக்கொள்வாள். எனக்குப் பின்னால் நின்று, என் கைகளுக்கு மேலே தன் கைகளை வைத்துப் பிடிப்பாள். நார் உரசிக் காய்த்துப்போன, சொரசொரப்பான உள்ளங்கை. வாளி மேலே வரும்போது தண்ணீர் சிந்தி எங்கள் இருவர் காலும் நனையும். ஒவ்வொரு வருடமும் அந்த முடிச்சைத் தள்ளிப் போடுவாள். ஒரு கோடையில் கயிற்றில் முடிச்சே இல்லை. முழு வாளியையும் நானே இழுத்து வைத்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த குடத்தை எடுத்துக் கிட்டே வைத்தாள். பள்ளியில் வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அப்படி இனித்ததில்லை.

கிணற்றை மூடிவிடலாம் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தாய். குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்ற அவன் பயம் நியாயமானதுதான். கனமான கம்பி வலை போட்டுப் பூட்டிவிடலாம், செலவை நான் அனுப்புகிறேன். மண் கொட்டி மூட மட்டும் வேண்டாம், அம்மா.

இன்னொன்று. ஜூலை மாதம் முழுவதும் பாப்பாவை உன்னிடம் விடப்போகிறேன். அண்ணன் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி இருக்கும், சனி ஞாயிறில்தான் கூட விளையாட ஆள் கிடைக்கும் என்பதுதான் என் கவலை. ஆனாலும் அனுப்புகிறேன். உன் கூடவே கொஞ்ச நாள் இருக்கட்டும். எட்டு வயதாகிறது, குழாயைத் தவிர வேறெங்கும் தண்ணீர் பிடித்ததில்லை அவள்.

பழைய கயிறு இற்றுப்போயிருக்கும். புதிதாக ஒன்று வாங்கி வை. எந்த இடத்தில் முடிச்சுப் போட வேண்டும் என்பது உனக்கே தெரியும்.

அன்புடன்,
உன் மகள்