‘சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்’ பாட்டைத் தேடியவர்களுக்கு நன்றி

அன்புள்ள தேடல்காரர்களே,

வணக்கம். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஜெர்மன் மொழியும் எனக்குத் தெரியாது. இருந்தாலும், இணையத்தின் மிக மர்மமான பாட்டு என்று பேரெடுத்த அந்தப் பாட்டை யார் பாடினார்கள் என்பது 2024 நவம்பரில் தெரிந்ததிலிருந்து, உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாடியது ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த ஃபெக்ஸ் என்ற இசைக்குழு.

முதல் நன்றி, 1984 வாக்கில் வடக்கு ஜெர்மனியில் வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்து என்.டி.ஆர் நிலையத்தின் பாட்டுகளைக் கேசட்டில் பதிவு செய்த அந்தப் பதின்வயதுப் பையனுக்கு. ஐயா, இன்று உங்களுக்கு வயதாகியிருக்கும். பாட்டு மட்டும் சுத்தமாக வேண்டும் என்று அறிவிப்பாளரின் பேச்சைப் பதிவில் சேர்க்காமல் விட்டீர்களாம். பாடியவர் பெயரும் அந்தப் பேச்சோடு போய்விட்டது. கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேசட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தீர்களே! அதை 2007இல் இணையத்தில் ஏற்றி, “இது யாருடைய பாட்டு?” என்று ஊரைக் கேட்ட உங்கள் சகோதரிக்கும் நன்றி.

கேள்வி ஆண்டுக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தது. 2019இல் பிரேசிலைச் சேர்ந்த ஓர் இளைஞர் அதைக் கையில் எடுத்தார். பாட்டு ஒலிபரப்பானபோது பிறந்தே இராத ஒருவருக்கு இதில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். அவர் ஆரம்பித்த பிறகுதான் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள்.

நான் அதிகம் நன்றி சொல்ல விரும்புவது, தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்கு. பாடகரின் ஆங்கில உச்சரிப்பை வைத்து ஐரோப்பாவின் பாதி நாடுகளை அலசியவர்கள் நீங்கள். முதல் சொற்களைக் கொண்டு ‘லைக் தி விண்ட்’ என்று தற்காலிகப் பெயரிட்டு, காப்புரிமைப் பட்டியல்களைப் புரட்டினீர்கள். பழைய இசைக்கலைஞர்களுக்குக் கடிதம் எழுதி, “நாங்கள் இல்லை” என்ற பதிலை வாங்கிப் பத்திரமாகக் குறித்து வைத்தீர்கள். “இவர் இல்லை” என்று ஒருவர் எழுதி வைத்ததால், அடுத்தவர் அதே கதவை மறுபடியும் தட்ட வேண்டியிருக்கவில்லை. கண்டுபிடித்தவரைத்தான் செய்திகள் கொண்டாடும். அது நியாயம்தான், ஆனால் போதாது.

ஒலியைப் படமாக்கிப் பார்த்தவர்களையும் மறக்க முடியாது. பதிவில் 10 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே மெல்லிய கோடு ஒன்று தெரிவதைக் கண்டு, அது அந்தக் கால என்.டி.ஆர் ஒலிபரப்பில் இருந்த கோடுதான் என்று ஒப்பிட்டுக் காட்டினீர்கள். பாட்டில் வரும் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலியைக் கேட்டே அது யமஹா டிஎக்ஸ்7 என்று சொன்னவர்களும் உண்டு. அந்தக் கருவி சந்தைக்கு வந்தது 1983இல் என்பதால், பாட்டு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. காதை இவ்வளவு கூர்மையாக வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கடைசியில் விடை வந்தது பழைய செய்தித்தாள்களிலிருந்து. என்.டி.ஆர் நடத்திய ‘ஹோர்ஃபெஸ்ட்’ இசை விழாவில் வாசித்த குழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போன ஒருவர், ஃபெக்ஸ் பற்றிய குறிப்பைக் கண்டு, குழுவின் மிஷாயல் ஹேட்ரிஷைத் தொடர்புகொண்டார். “ஆம், எங்கள் பாட்டுதான்” என்று உறுதியானது. அந்தப் பொறுமைசாலிக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஃபெக்ஸ் குழுவினரே, இத்தனை பேர் உங்களைத் தேடிக்கொண்டிருந்தது உங்களுக்கே தெரியாதாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாசித்ததைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று வந்து விசாரித்தபோது, கதவைச் சாத்தாமல் பேசினீர்கள். அதற்கும், அந்தப் பாட்டுக்கும் நன்றி.

இப்படிக்கு,
தேடலைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ரசிகை