மூன்று விழாவும் நல்லபடியாக முடிந்தன: ஒரு நன்றி மடல்

நாகை, நாகூர், வேளாங்கண்ணி மக்களுக்கு வணக்கம்.

இந்த 2025இல் ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 5 மீலாது நபி. 8ஆம் தேதி மாதா பிறந்தநாள். 13 நாளுக்குள் மூன்று சமயத்தாருக்கும் விழா, ஆனால் சாலை என்னவோ ஒன்றுதான். பெரிய வம்பு எதுவும் இல்லாமல் முடிந்ததற்கு, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூடும் எங்கள் சர்வசமயக் குழுவின் சார்பில் நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, ஆடி வெள்ளி என்றும் பாராமல் ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்த குருக்களுக்கு. சந்தனக்காப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் ஊர்வல நேரம் பேச வேண்டியிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் மஃரிப் பாங்கு, அதாவது அந்தித் தொழுகைக்கான அழைப்பு, ஆறேகாலைத் தாண்டித்தான் வரும்; அதற்குள் பள்ளிவாசல் தெருவை ஊர்வலம் கடந்துவிட வேண்டும் என்று ஜமாஅத்தார் கேட்டார்கள். மூன்று மணி வெயிலில் எப்படிக் கிளம்புவது என்று பிள்ளையார் கமிட்டிப் பையன்கள் எகிறினார்கள். நெடுநேரம் வாக்குவாதம். கடைசியில் கிளம்பும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், நேரப் பிரச்சினை தீர்ந்தது. தம்பிகளா, வெளியே போய் முணுமுணுக்காமல் முகத்துக்கு நேரே சண்டை போட்டதற்குத் தனியாக ஒரு நன்றி.

வேளாங்கண்ணிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள் காரைக்கால் பக்கமிருந்து நாகூர் வழியாகத்தான் நடந்து வருகிறார்கள். தண்ணீரும் மோரும் கொடுக்க எப்போதும் ஆள் உண்டு. பந்தல் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதற்கும் குறைவில்லை. நடந்து வரும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவர் சுயஉதவிக் குழு அக்கா ஒருவர்தான். கல்யாண மண்டபத்தின் பின்கதவை இரவெல்லாம் திறந்து வைத்த ஜமாஅத்தாருக்கும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பெண்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கூட்டம் நடத்த வகுப்பறையைத் திறந்துவிடும் பள்ளித் தாளாளருக்கும், பேசியதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நன்றி. போன தடவை என்ன ஒப்புக்கொண்டோம் என்று யாராவது இழுத்தால் சார் பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடுவார். அப்புறம் டீக்கடை அண்ணன். இந்த மார்ச்சில் ரமலான் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. வெள்ளிக்கிழமை ஃபாதர் கறி தொட மாட்டார், குருக்களுக்கோ என்றைக்குமே ஆகாது. அதனால் நோன்பு திறக்கப் பாய் வீட்டிலிருந்து கறி போடாத கஞ்சி வந்தது. அண்ணன் அன்று பாய்லரை மூடிவிட்டுத் தானே டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். கறி இல்லாத கஞ்சியெல்லாம் கஞ்சியா என்று பாய் இன்னும் குறைபட்டுக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை.

ஒன்று சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனபோது, கூப்பிடாமலே எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆபத்தில் கூடுவது நம் ஊருக்குப் பழக்கம்தான். பேச விஷயமே இல்லாத ஜூன் மாத வெள்ளியில், மின்வெட்டுப் புழுக்கத்தில் வந்து உட்காருவதுதான் கஷ்டம். அப்படியும் தவறாமல் வந்த ஏழெட்டுப் பேர் உங்களுக்கே யார் என்று தெரியும். விழாவுக்கு முன் அதிகாரிகள் கூட்டும் அமைதிக் குழுவுக்கு நாம் பேசி முடித்த காகிதத்தோடு போக முடிந்தது உங்களால்தான்.

அடுத்து நாகூர் தர்காவின் கந்தூரி விழா. சந்தனக்கூடு வரும் வழி, கடைகளுக்கு இடம், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் அதிகாலையில் குளிக்கப் போகும் பாதை எல்லாவற்றையும் அக்டோபர் கூட்டத்திலேயே பேசிவிடலாம். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேராவது வாருங்கள், போன முறை உங்களைக் கேட்காமலே வழியை மாற்றிவிட்டார்கள் என்ற கோபம் நியாயமானதுதான். டீ உண்டு.

அன்புடன்,
குழு ஒருங்கிணைப்பாளர்