ஸ்டோர் அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். டித்வா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று இலங்கை மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2025ஆம் ஆண்டின் இடாப்புகளை, அதாவது வரவுப் பதிவேடுகளை, ஒருவழியாக மூடிக் கையெழுத்து வைத்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சேறு வழித்த பழைய மாணவர்கள், மண்வெட்டியோடு தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வந்த பெற்றோர், பாதை திறக்கும்வரை அரிசி மூட்டையைத் தோளில் சுமந்த பையன்கள், வகுப்பு நடத்த மண்டபம் தந்த பன்சலை (பௌத்த விகாரை) ஹாமதுரு, கதிரை மேசை இரவல் தந்த சிங்களப் பாடசாலை, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொப்பியும் சப்பாத்தும் அனுப்பிய முகம் தெரியாதவர்கள், அந்த மழையிலும் கம்பத்தில் ஏறிய மின்சார சபைத் தம்பிமார், எல்லாருக்கும் நன்றி. உங்களை ஒரே பந்தியில் அடக்குவது நியாயமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலுவலக அலுமாரிக்குள் தண்ணீர் புகுந்ததில், பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதியும் சேர்விடாப்புகள் ஊறிப் பொதபொதவென்று கிடந்தன. வெளியார் பார்வைக்கு அவை பழைய பேரேடுகள். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சனத்தின் பிள்ளைகள் நாங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் இன்றும் வயதை நிரூபிக்க இந்தப் புத்தகத்தைத் தேடித்தான் வருவார்கள். விலகிய காரணம் எழுதும் கட்டத்தில் வரிசையாக ‘இந்தியா சென்றார்’, ‘இந்தியா சென்றார்’ என்றிருக்கும், ஒப்பந்தப்படி எங்கள் சனம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எழுபதுகளின் பக்கங்களும் அதில்தான் இருக்கின்றன.

வெயில் இல்லை. அடுப்பில் வாட்டலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் பிள்ளைகள் எவரும் எங்களிடம் படிக்கவில்லை. “சூடு காட்டாதீங்க டீச்சர், ஒட்டிக்கும். தட்டு எல்லாம் சும்மாத்தான் கெடக்கு, குடுங்க” என்றார்.

பாதை இல்லாததால் கொழுந்து வரவில்லை, ஸ்டோர் வெறுமையாக இருந்தது. கொழுந்தைப் பரப்பி வாட்டும் அந்த நீளத் தட்டுகளில் கம்பி வலைக்கு மேல் சாக்கை விரித்து, இடாப்புகளைத் திறந்து வைத்தார். கரண்ட் வந்ததும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டுவிட்டு, அடியிலிருந்து குளிர்காற்று மட்டும் வரும்படி விசிறியைப் போட்டார். பக்கங்கள் லேசாக உலர உலர ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்திரிகைத் தாள் வைத்து, நனைந்த தாளை உருவி, வேறு தாள் வைத்து, இரவெல்லாம் அதே வேலை.

“எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?” என்று கேட்டேன்.

“கொழுந்துன்னா பதினஞ்சு மணித்தியாலம்னு சொல்லிருவேன். பொஸ்தகம் இப்பத்தானே வாட்டுறேன்.”

மை ஊற்றி எழுதிய சில பக்கங்கள் நீலமாகக் கரைந்துபோயின. மற்றவை பிழைத்தன. இப்போது அலுவலகத்துக்குள் நுழைந்தாலே பச்சைக் கொழுந்து வாசம். அதிபருக்கு அதில் ஒரே பெருமை.

டிசம்பர் 16இல் நாட்டின் பல பாடசாலைகள் திறந்தபோது எங்கள் வாசலில் இன்னும் மண்மேடு. பிறகு பிள்ளைகள் வந்தார்கள், எல்லாரும் அல்ல. இடாப்பில் அந்த நாட்களுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து ‘அனர்த்த விடுமுறை’ என்று எழுதினோம். உறவினர் வீடுகளுக்குப் போன பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் எழுதினோம். ஒரு பெயருக்கு நேரே எழுத வேண்டியதை எங்களில் யாராலும் எழுத முடியவில்லை. அதிபரே எழுதினார். அன்று யாரும் சாப்பிடவில்லை. ஆனால் எழுதி முடித்த பிறகுதான் புது வருடத்து நேரசூசி பற்றிப் பேச எங்களுக்கு வாய் வந்தது.

2014இல் மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போனதும் இதே மாவட்டத்தில்தான். எச்சரிக்கை வந்தும் போக இடமில்லாத சனத்தை அன்றும் பார்த்தோம், இன்றும் பார்க்கிறோம். காணியும் வீடும் பற்றி இந்த மடலில் எழுதப்போவதில்லை, அதற்கு நன்றி சொல்ல இன்னும் யாரும் இல்லை. எங்கள் கையில் இருப்பதை மட்டும் செய்யப்போகிறோம். சேர்விடாப்புகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியை மலைக்குக் கீழே பத்திரமாக வைக்கப்போகிறோம்.

நல்ல கேமரா உள்ள பழைய மாணவர்கள் சனிக்கிழமைகளில் வாருங்கள். புத்தகத்தை வெளியே தர மாட்டோம், இங்கேயேதான் எடுக்க வேண்டும். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு.

ஆசிரியர்கள் சார்பில்,
தரம் 5 வகுப்பாசிரியை